பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? ஹெச்.எம்.வி., ஜனவரி 2013: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆபீசில் சோஷியல் மீடியாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு மீட்டிங்கில் வந்தால், நான் பார்த்தவரை அது இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க சார், எப்பவும் போனும் கையுமாத்தானே இருக்கு." முடிந்தது. அடுத்த விஷயம் ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு ஆகிறது என்பது, அதற்கு அரை மணி நேரம், பில்லெல்லாம் எடுத்துவரச் சொல்வார்கள். கடைகளுக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கும் பக்கம் நடத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் இந்தக் காட்சியை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வருவது 2013 ஜனவரி 31, இங்கிலாந்து, ஹெச்.எம்.வி. என்ற இசைக்கடை நிறுவனம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பலரும் இதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள்: வேலையை விட்டுத் தூக்கப்பட்ட பெண் கம்பெனியின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றி மானத்தை வாங்கிவிட்டாள் என்று. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் கதை அப்படி இல்லை. அவர் எதையும் கைப்பற்றவில்லை. கணக்கு இரண்டு வருடமாக அவரிடம்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாய் படம் போட்ட கடை

ஹெச்.எம்.வி. என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு கிராமபோன் குழாய் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாய். இந்தியாவில் அந்த முத்திரையோடு இசைத்தட்டு போட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாதான் இன்றைய சரிகம. இங்கிலாந்தில் அதே பெயரில், அதே நாயோடு வளர்ந்தது ஒரு கடை. 1921 ஜூலையில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் முதல் கடையைத் திறந்து வைத்தவர் இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர். அப்புறம் ஊருக்கு ஊர் கிளை. இசைத்தட்டு, கேசட், சிடி, டிவிடி என்று காலத்துக்கு ஏற்றபடி சரக்கு மாறியது, ஒரு கட்டம் வரை.

அந்தக் கட்டம் என்ன என்று உங்களுக்கே தெரியும். இணையத்தில் மலிவாக சிடி விற்கிறவர்கள் வந்தார்கள், சூப்பர்மார்க்கெட்டுகள் பெரிய படங்களின் டிவிடியை நஷ்டத்துக்கே விற்று ஆளை உள்ளே இழுத்தன, அதற்கு மேல் பாட்டை நேராக இறக்கிக்கொள்ளும் பழக்கம். 2002 வாக்கில் இந்த மூன்றையும் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னதாகவும், இணையத்திலிருந்து பாட்டை இறக்குவது சும்மா ஒரு சீசன் மோகம் என்று மேலிடம் தட்டிவிட்டதாகவும் அந்தக் கம்பெனிக்கு நெடுநாள் விளம்பரம் செய்த ஒருவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்து சாட்சிதான், அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இணையம் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்கும் ஒரு வீட்டில் ட்விட்டர் கணக்கு யார் கைக்குப் போகும் என்பதை ஊகிக்க ரொம்ப யோசிக்க வேண்டாம்.

சம்பளமில்லாத கையில் ஆரம்பம்

அந்தக் கணக்கை ஆரம்பித்தது ஒரு இன்டர்ன். சம்பளம் கிடையாது. அந்த ஊர்ச் சட்டப்படி அப்படி வேலை வாங்குவதே தப்பு என்று அன்று வந்த ட்வீட்டிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு குத்து இருந்தது. 2013இல் அவருக்கு வயது 21. அதாவது பத்தொன்பது வயதில், ஒரு பழைய பெரிய கம்பெனியின் பெயரில் ஊரோடு பேசும் பொறுப்பு அவர் மடியில் வந்து விழுந்திருக்கிறது. ட்விட்டரையும் ஃபேஸ்புக்கையும் இன்டர்னாக இருந்தபோதே தனியாளாக எடுத்து நடத்த ஆரம்பித்ததாக அவரே பிற்பாடு எழுதினார்.

இங்கே எல்லோரும் பாய்ந்து எடுக்கும் பாடம், "இன்டர்ன்கிட்ட குடுத்தா இப்படித்தான்." எனக்கு அது ஒப்புவதில்லை. அந்தப் பெண் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். இன்டர்ன் நிலையிலிருந்து உள்ளே எடுத்து, சோஷியல் மீடியா பிளானர் என்று பதவியும் கொடுத்திருக்கிறார்கள். கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் அறுபதாயிரத்துக்கு மேல், அன்றைய ட்விட்டரில் ஒரு கடைக்கு அது சின்ன எண் இல்லை. ஆரம்பத்தில் ஆர்வம் இருக்கிற கையில் கொடுத்ததைக்கூட மன்னிக்கலாம், நிறைய நல்ல பக்கங்கள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன. கணக்கு வளர்ந்தபோது அதைச் சுற்றி வேறெதுவும் வளரவில்லை என்பதுதான் மன்னிக்க முடியாதது. இரண்டாவது ஆள் இல்லை. மேலே இருந்தவர்களில் அதை உள்ளே நுழைந்து பார்க்கத் தெரிந்தவர் இருந்ததற்கான அடையாளம் அன்றைய மதியம் எங்கும் தெரியவில்லை.

வீட்டுக்கொல்லையில் ஒரு முருங்கைக் கன்றை யாரோ நட்டுவைக்கிறார்கள், அது கூரையைத் தாண்டி வளர்கிறது, ஒருநாள் காற்றில் சாயும்போதுதான் "இதை யார் வச்சது" என்று கேட்கிறோம். நிறையக் கம்பெனிகளில் ட்விட்டர் கணக்கு அந்த முருங்கைதான்.

அந்த இரண்டு வாரம்

2013 ஜனவரி 15 அன்று கம்பெனி நிர்வாகிகள் கைக்குப் போனது. கடனைச் சமாளிக்க முடியாத நிறுவனத்தை வெளியிலிருந்து வரும் நிபுணர்களிடம் ஒப்படைத்து, அவர்கள் விற்பதை விற்று, காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றும் அந்த ஊர் ஏற்பாடு இது. வந்தது டெலாய்ட். அந்த நேரத்தில் இருநூறுக்கு மேல் கடைகள், நாலாயிரத்துக்கு மேல் ஊழியர்கள்.

முதல் நாளே ஒரு அறிவிப்பு வந்தது: கிஃப்ட் கார்டு செல்லாது. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்பதை மறக்கக்கூடாது, ஊரில் பாதிப் பேர் பையில் யாரோ பரிசாகக் கொடுத்த கார்டு இருந்திருக்கும். ஒரு வாரம் ஏகப்பட்ட கோபம். அப்புறம் ஜனவரி 22 முதல் மறுபடியும் செல்லும் என்று மாற்றினார்கள். அந்த ஒரு வாரம் "என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கார்டுக்கு என்ன பதில்?" என்று கேட்க நினைத்தவர் எங்கே போய்க் கேட்டிருப்பார்? டெலாய்ட் ஆபீசுக்கா? கடை கவுண்டருக்கும் ட்விட்டர் கணக்குக்கும்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். கேள்வி நூறு வருகிறது, பதில் நம் கையில் இல்லை, மேலே கேட்டால் "ஒண்ணும் போடாதே, பொறு" என்கிறார்கள், இந்தப் பக்கம் திட்டு நம் பெயரில்லாமல் நம் மேல் விழுகிறது. ஒப்பந்தப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாமல் இருந்தோம், அதனால்தான் இத்தனை நாள் அமைதி, மன்னிக்கவும் என்று ஜனவரி 31 அன்று ஒரு ட்வீட் வந்தது. அதை வெறும் நக்கலாக நான் படிக்கவில்லை. பேசுவதே வேலையாக உள்ள ஒருவரின் வாயை அடைத்துவிட்டு, வேலையை மட்டும் தொடரச் சொன்னால் உள்ளே எவ்வளவு சேரும் என்று பாருங்கள்.

வியாழக்கிழமை

தலைமை அலுவலகத்திலும் சரக்குக் கிடங்குகளிலும் சேர்த்து 190 பேரை நீக்குவதாக டெலாய்ட் முடிவெடுத்த நாள் அது. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறார்கள். கூட்டம் நடக்கும்போதே கம்பெனியின் கணக்கில் முதல் ட்வீட் வருகிறது: மனிதவளத் துறையிலிருந்து நேரலை, எங்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருக்கிறார்கள், பரவசமாக இருக்கிறது! கூடவே ஒரு ஹேஷ்டேக், ஹெச்.எம்.வி. எக்ஸ் ஃபேக்டர் ஃபயரிங் என்று. எக்ஸ் ஃபேக்டர் அந்த ஊர்ப் பாட்டுப் போட்டி, வாராவாரம் ஒருவரை வெளியே அனுப்புவார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எலிமினேஷன் ரவுண்டு.

அடுத்தது: ஒரே நேரத்தில் அறுபது பேருக்கு மேல் நீக்கம், இந்தப் பெயரை நேசிக்கிற விசுவாசமான ஊழியர்களுக்குக் கூட்டத் தூக்கு. சாதாரணச் சூழ்நிலையில் இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டோம், ஆனால் நாங்கள் உயிராய் நினைக்கும் கம்பெனி நாசமாகிறது, அதைத் தூக்கி நிறுத்த நினைத்தவர்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டார்கள், வேறு வழி தெரியவில்லை என்று இரண்டு மூன்று ட்வீட்டில் ஒரு விளக்கம்.

அப்புறம் வந்ததுதான் உலகமெல்லாம் சுற்றியது. எங்கள் மார்க்கெட்டிங் டைரக்டர் (இவர் இருக்கப் போகிறார், மக்களே) "ட்விட்டரை எப்படி மூடுவது?" என்று கேட்பது இப்போதுதான் காதில் விழுந்தது.

அவர் அதே வார்த்தையில் கேட்டாரா என்பதற்கு அந்த ட்வீட்தான் சாட்சி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கிற எத்தனை டைரக்டர்களுக்குத் தங்கள் கம்பெனிக் கணக்கை மூடத் தெரியும்? மூட வேண்டுமானால் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரியாது, மாற்றலாம் என்றால் கணக்கோடு இணைத்த மின்னஞ்சல் எது என்று தெரிய வேண்டும், அந்த மின்னஞ்சலை யார் திறப்பது என்று தெரிய வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், பதிவுகளை நேரம் குறித்துப் போடுவதற்காக இணைத்துவைத்த வெளிச் செயலிகளின் அனுமதி அதனால் தானாகப் போய்விடாது, அமைப்புப் பகுதிக்குள் போய்த் தனியாக எடுக்க வேண்டும். இதெல்லாம் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம், பதற்றமில்லாத ஒரு நாளில்.

கொஞ்ச நேரத்தில் ட்வீட்டுகள் நீக்கப்பட்டன. அதற்குள் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பியாயிற்று, மாலைச் செய்தியிலும் வந்துவிட்டது. பிறகு அதே கணக்கில் நிதானமாக இரண்டு வரி: இன்று சிலர் வேலை இழந்திருக்கிறார்கள், கடைகளில் அல்ல, கடைகள் திறந்தே இருக்கின்றன, விடைபெறும் சக ஊழியர் ஒருவர் வருத்தப்பட்டது புரிந்துகொள்ளக் கூடியதே. நல்ல பதில் என்று நான் நினைக்கிறேன். மிரட்டல் இல்லை, சட்டம் பேசவில்லை. அந்தக் குரல் காலையிலேயே இருந்திருக்கலாம்.

கைப்பற்றலா?

பத்திரிகைகள் கடத்தல், கைப்பற்றல் என்றே எழுதின. அந்தப் பெண் தன் சொந்தக் கணக்கில் இதை மறுத்தார். மன்னிப்பு கேட்கலாம்தான், ஆனால் யாராவது பேச வேண்டும் என்று தோன்றியது, குடும்பப் பாரமோ வீட்டுக் கடனோ இல்லாத நான்தான் பேசுவதற்குப் பாதுகாப்பான ஆள் என்று நினைத்தேன் என்றார். சோஷியல் மீடியாவின் பலத்தைக் கற்றுக்கொள்ள மறுத்தவர்களுக்கு அதைக் காட்ட நினைத்தேன் என்றும் ஒரு வரி. கேட்டவுடன் பாஸ்வேர்டைத் தலைமை அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், ஃபேஸ்புக்கில் இன்னொரு ஊழியரை மேலாளராகச் சேர்த்துவிட்டுத் தன்னை நிர்வாகிகள் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டதாகவும் எழுதினார்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கங்களுக்கு 2012 மே மாதமே தனித்தனிப் பொறுப்பு வைக்கும் வசதி வந்துவிட்டது: ஒருவர் மேலாளர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் பின்னூட்டங்களை மட்டும் பார்ப்பவர், ஒருவர் விளம்பரம் மட்டும் போடுபவர், ஒருவர் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர். ட்விட்டரில் அன்று அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு, அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கம்பெனி. பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பே 2013 மே மாதம்தான் வந்தது. பாஸ்வேர்டைத் தராமலே அடுத்தவரைக் குழுவில் சேர்க்கும் வசதி, ட்விட்டரின் ட்வீட்டெக் என்ற செயலியில் 2015இல்தான் வந்தது. ஆக, ஃபேஸ்புக்கில் எட்டு மாதமாக வசதி இருந்தும் இன்னொரு மேலாளரை நியமித்தது, நீக்கப்பட்ட நாளில், நீக்கப்பட்டவர். கம்பெனியில் வேறு யாரும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். என்னிடம் இருக்கும் வாடிக்கையாளர் கணக்கில் நான் அப்படிச் செய்ய மாட்டேன். கடையில் இன்னும் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு அந்தப் பெயரில்தான் இருந்தது, கம்பெனியை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. ஆனால் தப்பை எடை போட்டால் அவர் தட்டு கீழே இறங்காது. ஒருவரை வேலையிலிருந்து அனுப்பும் முன் கல்லாச் சாவியை வாங்கிக்கொள்ளாத முதலாளி உண்டா? கணக்கர் போகிறார் என்றால் காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமையை முதல் நாளே வங்கியில் மாற்றுவார்கள். இங்கே அறுபதாயிரம் பேர் காது கொடுத்துக் கேட்கும் ஒலிபெருக்கியை ஒருவர் கையில் வைத்துக்கொண்டே, அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரவைத்து, "உனக்கு வேலை இல்லை" என்கிறார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அது ஒலிபெருக்கி என்றே அவர்கள் நினைக்கவில்லை.

அப்போ யாரிடம் கொடுப்பது?

வழக்கமான பதில்களை இதோடு உரசிப் பார்க்கலாம்.

வெளியே ஏஜென்சிக்குக் கொடு என்பார்கள். 2011 மார்ச்சில் கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு நடந்தது: அவர்கள் கணக்கை நடத்திய ஏஜென்சி ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து, மோட்டார் நகரம் என்று பெயரெடுத்த டெட்ராய்டில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று கெட்ட வார்த்தையோடு போட்டுவிட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் டெட்ராய்டின் பெருமையைப் பாடும் ஒரு விளம்பரத்தை அந்தக் கம்பெனி பெருஞ்செலவில் எடுத்து ஊரே கொண்டாடியிருந்தது. ஊழியர் வேலை போச்சு, ஏஜென்சி ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. நானும் ஏஜென்சிப் பக்கம் இருப்பவன்தான், என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தாலும் சொல்கிறேன்: எங்களிடம் எழுத்தைக் கொடுங்கள், படத்தைக் கொடுங்கள், சாவிக்கொத்தை முழுசாகக் கொடுக்காதீர்கள்.

தலைவரே வைத்துக்கொள்ளட்டும் என்றால், 2018 ஜனவரி 13. ஹவாயில் ஏவுகணை வருகிறது, ஓடி ஒளியுங்கள் என்று காலை 8.07க்கு எல்லோர் போனுக்கும் தவறான எச்சரிக்கை போனது. அது பொய் என்று ஆளுநருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் ட்விட்டரில் அறிவித்தது 8.24க்கு. தன் கணக்கின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தெரியவில்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம். 2011 பிப்ரவரியில் ஒரு இரவு, அவர்கள் கணக்கில் பீர் பாட்டில் கிடைத்த சந்தோஷமும் நாங்கள் குடித்தால் முறையாகக் குடிப்போம் என்ற பெருமையுமாக ஒரு ட்வீட் வந்தது. ஊழியர் ஒருவர், பல கணக்குகளை ஒரே இடத்தில் நடத்த உதவும் ஹூட்சூட் செயலியில் தன் கணக்கையும் சங்கத்தின் கணக்கையும் வைத்திருந்து மாற்றிப் போட்டுவிட்டார். கிரைஸ்லருக்கு நடந்த அதே கைத்தவறு. ஆனால் அங்கே சோஷியல் மீடியாவுக்கென்று ஒரு இயக்குநர் இருந்தார், நடு இரவில் போன் செய்து எழுப்ப வேண்டியது அவரைத்தான் என்று ஆட்களுக்குத் தெரிந்திருந்தது, அவருக்குக் கணக்கைத் திறக்கவும் தெரிந்திருந்தது. ட்வீட்டை நீக்கிவிட்டு, செஞ்சிலுவை போதையில் இல்லை, சாவியைப் பறிமுதல் செய்துவிட்டோம் என்று ஒரு வரி போட்டார்கள். பீர் கம்பெனி தன் ரசிகர்களைச் சங்கத்துக்கு நன்கொடை கொடுக்கச் சொன்னது. அந்த ஊழியருக்கு வேலையும் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, "ஆக, படித்த நிபுணர் வேண்டும்" என்று முடிவு கட்டினால் அதையும் கலைக்க ஒரு கதை இருக்கிறது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து ஓக்லஹோமாவில் ஒரு கௌபாய் அருங்காட்சியகம் மூடப்பட்டபோது, உள்ளே இருக்கப் போகிற ஒருசிலரில் ஒருவர் என்பதால் பாதுகாப்புத் தலைவர் டிம் கையில் ட்விட்டரைக் கொடுத்தார்கள். ஹேஷ்டேக் குறியைப் போடத் தெரியாமல் ஹேஷ்டேக் என்ற வார்த்தையையே எழுதினார், ட்வீட்டின் முடிவில் "நன்றி, டிம்" என்று கடிதம் மாதிரி கையெழுத்துப் போட்டார். லட்சக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவரை உட்காரவைத்தது மார்க்கெட்டிங் தலைவர், தெரிந்தே எடுத்த முடிவு, பின்னால் அந்தத் துறை நின்றது.

டிம்முக்கும் ஹெச்.எம்.வி. பெண்ணுக்கும் நடுவில் வித்தியாசம் திறமையில் இல்லை, சொல்லப்போனால் அவருக்கு டிம்மைவிட ட்விட்டர் நன்றாகத் தெரியும். டிம்மை ஒருவர் நியமித்தார், அதற்கு அவர் பொறுப்பேற்றார். அந்தப் பெண்ணுக்குப் பதவி பிற்பாடு வந்தது, ஆனால் கணக்கை யாரும் யோசித்து அவரிடம் ஒப்படைக்கவில்லை, அது அவரிடம் ஒட்டிக்கொண்டது. எந்தத் துறை என்ற சண்டை (மார்க்கெட்டிங்கா, வாடிக்கையாளர் சேவையா, ஐடியா) எனக்குப் பெரிதாகப் படாததும் இதனால்தான். எழுதுகிறவர் எந்தத் துறையில் வேண்டுமானாலும் உட்காரட்டும். அவர் எழுதியதற்குப் பெயர் சொல்லிப் பதில் கொடுக்கும் ஒருவர் மேலே வேண்டும், அவர் மாதம் ஒரு தடவையாவது கணக்கைத் தானே திறந்து பார்க்கிறவராக இருக்க வேண்டும். கம்பெனியில் பெரிய சேதி ஏதாவது வருகிறதென்றால், வாசல் செக்யூரிட்டிக்கும் ரிசப்ஷனுக்கும் முன்கூட்டிச் சொல்வதுபோல எழுதுகிறவருக்கும் சொல்லியாக வேண்டும், அந்தச் சேதி அவரையே பாதிப்பதாக இருந்தாலும். அப்படி இருந்தால் முதலில் அவரோடு தனியாக உட்கார்ந்து, மரியாதையாகப் பேசிச் சாவியை வாங்கிக்கொண்டு, அப்புறம் மற்றவர்களைக் கூப்பிடுவது. கேட்டதும் கொடுத்தவர் அவர். காலையிலேயே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு கம்பெனியுடையதா ஆளுடையதா என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் போன்டாக் என்ற தளம், வேலையை விட்டுப் போன எழுத்தாளர் 17,000 பேர் பின்தொடர்ந்த ட்விட்டர் கணக்கைப் பெயர் மாற்றிக் கொண்டுபோய்விட்டார் என்று 2011இல் வழக்குப் போட்டது. பின்தொடர்ந்தவர் ஒருவருக்கு மாதம் இரண்டரை டாலர், எட்டு மாதம், ஆக 3,40,000 டாலர் என்று கணக்கு. கடைசியில் சமாதானமாகப் போனார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெளிவாகாமலே.

நான் இப்போது ஒரு கடைக்குப் போனால் முதல் நாள் கேட்பது ஒன்றுதான்: ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? பாதி இடத்தில் முதலாளி மேனேஜரைப் பார்ப்பார், மேனேஜர் வாசலைப் பார்ப்பார். ஆடித் தள்ளுபடிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு துணிக்கடையின் பக்கத்தைத் திறக்கப் போய், ஓடிபி வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் போனுக்குப் போனது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார், கடைசி மாதச் சம்பளத்தில் ஏதோ பிடித்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் வேறு. முதலாளி என்னைப் பேசச் சொன்னார். "அண்ணா, நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. ஆனா அவரை ஒரு தடவை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்றது அந்தப் பொண்ணு. அவர் அன்றைக்கே செய்தார், பாவம், கொஞ்சம் தயங்கித் தயங்கி.

ஹெச்.எம்.வி.யை 2013 ஏப்ரலில் ஹில்கோ என்ற நிறுவனம் வாங்கியது, 141 கடைகள் தப்பின. அந்த ட்வீட்டுகளால் கம்பெனி கெடவும் இல்லை, மீளவும் இல்லை, அதை விழவைத்தவை வேறு. ஆனால் அந்த நாளைப் பற்றி நான் திரும்பத் திரும்ப நினைப்பது, மார்க்கெட்டிங் டைரக்டர் வரியைக் காட்டிலும் அதற்குப் பிறகு வந்த ஒன்றை. எல்லாம் முடிந்து, வேலை போய், பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்ட பிறகு அந்தப் பெண் தன் சொந்தக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்கைக் கூப்பிட்டு ஒரு ட்வீட் போட்டார்: அமைப்புப் பகுதிக்குப் போங்கள், என் நிர்வாகி அனுமதி இன்னும் இருக்கிறது, அதை நீக்கிவிடுங்கள்.